இணுவிலுக்கு வந்த வள்ளம்

எங்கள் பகுதியில் காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது எல்லைகளைக் குறித்து முடித்தபின், கிணற்றிற் பங்கும் அதற்குரிய வழிவாய்க்காலும் தவறாமல் எழுதப்படும். காணி எத்தனை கைமாறினாலும் கிணற்றுப் பங்கு அதனுடனேயே செல்லும். இணுவிலில் எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த தோட்டக் கிணறு ஆறு வீட்டாருக்குப் பங்கானது. ஒரு நாள் ஒரு வீட்டார் இறைப்பர். மறுநாள் அடுத்த வீட்டார். சூரியன் எழும்போது முறை தொடங்கும், மறையும்போது முடியும். இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவர் என் பாட்டனார். அவர் காலத்திலும் என் தந்தையார் காலத்திலும் கலியாண வீடு வந்தாலும் செத்த வீடு வந்தாலும் முறை பிறழ்ந்ததில்லை. அவர்களுக்குப் பின் அந்த ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் பயின்று, கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராகக் கடமையாற்றி, குறையொன்றும் சொல்லப்படாமல் ஓய்வு பெற்றவன் நான். வாசிகசாலையின் தலைவர் பதவியும் என்னிடமே இருந்தது. கிணற்றில் ஒரு பிணக்கு என்றால் என் முற்றத்துக்குத்தான் வருவார்கள்.

தொண்ணூறாம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மூண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதன்பின் மண்ணெண்ணெயும் அருமையாயிற்று. போத்தல் விளக்கின் திரிக்குச் சிறிது எண்ணெய் கிடைப்பதே பெரும் பேறாக இருந்த காலத்தில், நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் வார்ப்பதைப் பற்றி நினைக்கவும் கூச்சமாக இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி சுவையாக இருந்தால் சக்கரம் வேகமாகச் சுற்றும். உரை நீண்டால் வாசிப்பவரின் குரல் மெல்ல மெல்லக் கட்டையாகிப் படுத்துவிடும். என்னுடைய பழைய இங்கிலாந்துக் கார் பெற்றோல் இன்றிக் கொட்டகையில் நின்றது. அதை வாரந்தோறும் துடைத்து வைத்தேன். ஓடாத காருக்கும் ஒரு மரியாதை உண்டு.

கிணற்றுப் பங்காளிகளில் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் கற்பித்த ஆசிரியை. கணவரை இழந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘ரீச்சர்’. முந்திய போகத்தில் வெங்காயத்துக்கு நல்ல விலை வந்தபோது எங்கள் குறிச்சியார் விதைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து விற்றுவிட்டனர். ரீச்சர் மட்டும் விற்கவில்லை. அவர் வீட்டு அடுக்களைக் கூரை வளையில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கிய வெங்காயமே இனி எங்கள் குறிச்சிக்கு விதை. அதை வரும் சோளகக் காற்றுக் காலத்துக்குள் நட்டுப் பெருக்காவிட்டால் முளைவிட்டு அழுகிப் போகும். நட்டபின் தண்ணீர் இல்லாவிட்டால் பாத்தியிலேயே கருகிப் போகும். இறைக்கும் இயந்திரமோ எண்ணெயின்றிக் கிடந்தது. ஆள் ஏறி மிதித்து இறைக்கும் பழைய துலாவைத் தேடி எடுத்தோம். ஆனால், துலா மிதிக்கத் தெரிந்தவர்களின் முழங்கால்கள் அதற்கு உடன்படவில்லை.

இந்த வேளையில்தான் காற்றாடி என்ற யோசனையை வாசிகசாலைக் கூட்டத்தில் முன்வைத்தேன். அலுவலாகச் சென்ற இடங்களில் காற்றினால் நீரிறைக்கும் பொறிகளைப் பார்த்திருந்தேன். வைகாசி தொடக்கம் ஆவணி வரையில் சோளகக் காற்று எங்கள் தோட்டங்களை நாள் முழுதும் உலுப்புகிறது. அதே மாதங்களில்தான் பயிருக்குத் தண்ணீரும் வேண்டும். இந்தப் பொருத்தத்தை எடுத்துரைத்தபோது சபை முழுவதும் தலையசைத்தது. ஒருவரும் எதிர்க்கவில்லை. அதுவே எனக்கு ஐயத்தைத் தந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் எதிர்ப்பில்லாமல் நிறைவேறும் தீர்மானம் எவருக்கும் விளங்காத தீர்மானமாகவே இருக்கும்.

ஆளாளுக்கு விளங்கியது என்னவென்று சற்று நேரத்தில் வெளிப்பட்டது. கிணற்றுப் பங்காளிகளில் இன்னொருவரான என் மனைவியின் தம்பி முதலில் எழுந்தார்.

“அத்தான், காத்தாடி சுத்தினால் கறன்ற் வருமெல்லோ? ஒரு பற்றறி கொழுவினால் பின்னேரத்திலை ஒரு படம் பாக்கலாம்.”

கோயிலை நிர்வகிக்கும் மணியகாரர் கனைத்துக்கொண்டார். “படம் கிடக்கட்டும். உந்தச் சில்லிலையிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கோயில் மணியிலை கட்டினால், நேரத்துக்கு நேரம் தன்பாட்டிலை அடிக்கும். ஐயருக்கும் தோள் நோகாது.”

“காத்து நிண்டால் பூசை இல்லையோ?” என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது.

“குழாயிலை குடிதண்ணி வீட்டுக்கு வருமெண்டு எல்லோ நான் நினைச்சன்,” என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் நிலைமை புரிந்தது. எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம். ஆளுக்கொரு காற்றாடியைக் கண்டோம். ஒன்று படம் காட்டிற்று. ஒன்று மணி அடித்தது. ஒன்று குசினிக்குள் குழாயாய் வந்தது. அன்று கூட்டத்தை அப்படியே முடித்திருந்தால் காற்றாடி எழும்புமுன் ஊர் இரண்டாகியிருக்கும்.

சபையை எழுப்பிக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றேன். ஒரு வாளி தண்ணீர் அள்ளி, ரீச்சரின் காணிக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றச் செய்தேன். காய்ந்த செம்மண் வாய்க்காலில் அந்தத் தண்ணீர் சருகையும் துரும்பையும் முன்னே தள்ளிக்கொண்டு ஊர்ந்தது. வாசிகசாலையின் உறுப்பினர் யாவரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னே நடந்தோம். பத்தடி போகுமுன் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. எல்லோரும் நின்றுவிட்டோம். ரீச்சரின் வேலி இன்னும் தூரத்தில் இருந்தது.

“இந்தத் தண்ணி அந்த வேலியைத் தாண்ட வேணும். காத்தாடிக்கு வேறை அலுவல் கிடையாது,” என்றேன்.

பற்றறியும் மணியும் அதன்பின் பேச்சில் வரவில்லை. ரீச்சர் மட்டும் வாய்க்கால் வரம்பில் நின்று என்னைப் பார்த்தார்.

“ஐயா, வளையிலை தொங்கிற வெங்காயத்தை நான் மண்ணிலை வைக்கப்போறன். வைச்சால் தண்ணி வருமோ, வராதோ? சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ.”

“வரும். உங்கடை ஒரு பாத்தியும் வாடாது. இது என்ரை வாக்கு.”

எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். கச்சேரியில் முப்பது வருடம் இருந்தவனின் வாக்கு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: “இஞ்சாருங்கோ, காத்தோடை கதைச்சுப்போட்டோ வாக்குக் குடுத்தனியள்?”

பொறியைக் கட்டுவதற்கு எனக்கு உறுதுணையானவர் என் கல்லூரித் தோழர். குருநகரில் சொந்தமாக வள்ளங்கள் வைத்திருந்தவர். கடலுக்குப் போகத் தடை இருந்தமையால், தொழிலில்லாமல் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். கல்லூரிக் கிரிக்கெட் அணியில் நாங்கள் இருவரும் ஒன்றாக ஆடியவர்கள். அவர் ஓட்டம் எடுத்ததையும் நான் ஆட்டமிழந்ததையும் மட்டுமே அவர் நினைவில் வைத்திருந்தார்.

நான் வரைந்த படத்தில் தகரத்தால் இலைகள் வைத்திருந்தேன். அவர் பார்த்துச் சிரித்தார்.

“ஐசே, தகரத்தை வெட்டி வைச்சால் புயல் வந்தால்தான் சுத்தும். வள்ளத்துப் பாய்ச்சீலை கட்டும் காணும். இளங்காத்துக்கும் எழும்பும்.”

“பாய்ச்சீலை ஒரு வருசத்திலை கிழிஞ்சுபோம்.”

“கிழிஞ்சால் தைக்கலாம். உம்மடை தகரம் பறந்து ஆற்றையேன் தலையிலை விழுந்தால் அதை ஆர் தைக்கிறது?”

இரண்டு நாள் வாதிட்டோம். முடிவில் சட்டம் என் கணக்குப்படியும் பாய் அவர் எண்ணப்படியும் அமைந்தன. காற்றாடிக் கோபுரத்துக்குப் பனை மரங்கள் கிடைத்தன. பழைய கைப்பம்பின் உருளை ஒன்றும் கிடைத்தது. காற்றாடிச் சக்கரமாகிய சில்லைத் தாங்கிச் சுழல ஓர் உறுதியான அச்சுத்தான் ஊரெங்கும் தேடியும் கிடைக்கவில்லை. தோழர் என் கார்க் கொட்டகைப் பக்கம் பார்த்தார். பின்னர் மைத்துனரும் அந்தப் பக்கம் பார்த்தார். மணியகாரரும் பார்த்தார். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை, கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

காரின் பின்னச்சைக் கழற்றியபோது நான் வீட்டுக்குள் இருந்தேன். பிறகு வெளியே வந்து பார்த்தேன். கார் கல்லடுக்கின்மேல் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முழந்தாளிட்டு வணங்குபவரைப் போல் இருந்தது.

சில்லை மேலே ஏற்றிய நாள் ஒரு திருநாளைப் போன்றது. குருநகரிலிருந்து தோழரின் ஆட்கள் பருத்த வடக்கயிற்றோடு வந்தார்கள். எங்கள் தோட்டக்காரர் ஒரு வடத்தையும் அவர்கள் ஒரு வடத்தையும் பிடித்தனர். கடற்காரர் “ஏலேலோ” என்று குரல் கொடுக்க, எங்கள் ஆட்கள் “அரோகரா” என்றார்கள். இரண்டும் ஒத்து வராமல் சில்லு நடுவில் நின்று ஆடியது.

“ஒரு பாட்டாப் படியுங்கோவன்!” என்று தோழர் கத்தினார். “சில்லுக்குக் காது குழம்புது!”

பின்னர் ஏலேலோவுக்கே எல்லோரும் இழுத்தார்கள். ‘ஐலசா’ என்ற இடத்தில் மணியகாரரின் குரலே உரத்துக் கேட்டது.

தொடக்க விழாவுக்குப் பஞ்சாங்கம் பார்த்து, சித்திரையில் ஒரு நல்ல நாளைத் தெரிந்தோம். பட்டு வேட்டியும் சால்வையும் அணிந்து நான் தேங்காய் உடைத்தேன். சுபநேரம் வந்தது, இருந்தது, போய்விட்டது. பாய்கள் ஈரத் துணிபோல் தொங்கின. எங்கள் பஞ்சாங்கத்தில் இராகுகாலம் இருக்கிறது, காற்று இல்லை.

“என்ன காணும், காத்துக்கு அழைப்பு அனுப்பேல்லையோ?” என்றார் தோழர்.

“அழைப்பு அனுப்பினது. தலைவற்றை உரை இருக்கெண்டு தெரிஞ்சு நிண்டிட்டுது,” என்றார் ரீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் உரையைக் குறைக்காமல் நிகழ்த்தி முடித்தேன்.

வைகாசி பிறந்தது. ஒரு முற்பகல் பனையோலைகள் சலசலக்கத் தொடங்கின. சோளகம் வந்துவிட்டது. என் காரின் அச்சு, மேலே, வானத்தில், முனகிக்கொண்டு திரும்பிற்று. பம்பு இரண்டு மூன்று முறை வெறும் மூச்சு விட்டது. பிறகு தண்ணீர் வந்தது. வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு போன அந்தத் தண்ணீரின் பின்னால் மறுபடியும் எல்லோரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். இம்முறை அது நிற்கவில்லை. “ஐயான்ரை கார் ஓடுது! பெற்றோல் இல்லாமல் ஓடுது!” என்று ஊருக்குக் கேட்க மைத்துனர் கூவினார். ‘ஐயான்ரை கார்’ என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அதன்பின் ஊரில் காற்றாடி என்று எவரும் சொல்லவில்லை.

ரீச்சர் வளையிலிருந்த வெங்காயத்தை இறக்கி, பாத்தி கட்டி நட்டார்.

காற்றாடிக்கும் கிணற்று முறையையே வைத்தோம். வேறு முறை உண்டென்ற எண்ணமே எங்களில் எவருக்கும் வரவில்லை. ஒரு நாள் ஒரு வீடு. சூரியன் எழும்போது தொடக்கம், மறையும்போது முடிவு. இயந்திரமானால் எண்ணெய் ஊற்றியவனுக்கு எந்த நாளும் ஒரே தண்ணீர். துலாவானாலும் மிதிப்பவனின் காலுக்கு எந்த நாளும் ஒரே பலம். காற்றோ எங்கள் உறுதியை வாசித்ததில்லை. மைத்துனரின் நாளில் அது கோபுரம் அதிர வீசியது. ரீச்சரின் நாளில் ஓய்ந்து கிடந்தது. முறை சுற்றி மறுபடி வந்தபோதும் அப்படியே நிகழ்ந்தது. மைத்துனரின் வெங்காயத்துக்குப் போதுமான தண்ணீர் அவரது வாழைக்குப் போய், வாழையிலிருந்து வேலியைத் தாண்டி, சிறு தெருவான ஒழுங்கையில் வழிந்தது. வாத்துகள் அதில் நீந்தின. அதே ஒழுங்கையின் மறுபக்கத்தில் ரீச்சரின் பாத்திகளில் வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகி வளைந்தது.

ரீச்சர் நேரே என் முற்றத்துக்கு வந்தார். மைத்துனரும் அழைக்கப்பட்டார். தோழர் ஏற்கெனவே கதிரையில் இருந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

“ஐயா, ஒரு பாத்தியும் வாடாது எண்டு சொன்னனியள். வந்து பாருங்கோ. இன்னொரு முறை தப்பினால் விதை இல்லை. எனக்கு மட்டுமில்லை, உங்கள் எல்லாருக்கும் இல்லை.”

“அக்கா, நானென்ன செய்ய?” என்றார் மைத்துனர். “என்ரை நாளிலை வந்த காத்து என்ரை காத்துத்தானே?”

“காத்துக்கு உறுதி முடிச்சு வைச்சிருக்கிறியோ தம்பி? கொண்டு வா, பாப்பம். கிழக்கெல்லை எது, மேற்கெல்லை எது?”

தோழருக்குத் தேநீர் புரையேறியது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். முறை என்பது பாட்டனார் காலத்து ஒழுங்கு. ஒருவரின் நாளைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு உறுதியில் எழுதியிருப்பதையும் எவரும் மதியார். இதைத் தெளிவாக எடுத்துரைத்தேன். ஓர் ஒழுங்கை உடைப்பது எளிது. அதன்பின் அந்தக் கிணற்றைச் சுற்றி ஆறு வேலிகளும் ஆறு வழக்குகளும் எழும். இன்றும் அதுவே என் கருத்து.

ரீச்சர் விடவில்லை. “கோயிலிலை அன்னதானப் பந்தி வைக்கிறியள். இந்த இலைக்கு ஐஞ்சு நிமிசம், அந்த இலைக்கு ஐஞ்சு நிமிசமெண்டு மணிக்கூடு பாத்தோ சோறு போடுறியள்? அகப்பை பாத்தெல்லோ போடுறியள்? சோறு வரப் பிந்தினால், உன்ரை நேரம் முடிஞ்சுது, எழும்பெண்டு ஆரையேன் கலைக்கிறியளோ?”

கணிதம் படித்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பந்தியில் இலையின் வரிசை மாறுவதில்லை. வரிசைதான் பாட்டனார் வகுத்த ஒழுங்கு. அளவை நாளிலிருந்து எடுத்து அகப்பைக்குக் கொடுத்தால் வரிசைக்கு ஒரு குறையும் இல்லை. காற்று எப்போது வந்தாலும் தண்ணீரை ஓரிடத்தில் நிரப்புவது, நிரம்பியதும் வரிசையில் நிற்பவருக்குத் திறந்துவிடுவது, பிறகு அடுத்தவருக்கு. காற்று விழுந்தால் எல்லோரும் காத்திருப்பது. ஆனால் எவருக்கும் முறை தவறாது. இதை நான் வகுத்துச் சொன்னபோது மைத்துனர் தலையைச் சொறிந்தார்.

“சரி அத்தான், அகப்பை எங்கை?” என்றார்.

அதுதான் கேள்வி. கிணற்றடித் தொட்டி மாடு தண்ணீர் குடிக்கும் அளவே கொண்டது. பெரிய தொட்டி கட்டச் சீமெந்து வேண்டும். சீமெந்து குடாநாட்டுக்குள் வருவதில்லை. சுண்ணாம்புக் காரையால் கட்டலாம். காரை இறுகும்வரை ரீச்சரின் வெங்காயம் காத்திருக்காது.

தோழர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஐசே, தண்ணி உள்ளை வராமல் செய்த சாமான் ஒண்டு என்னட்டைக் கிடக்கு. உள்ளை வரக்கூடாத தண்ணி வெளியிலையும் போகாதுதானே?”

எனக்கு உடனே விளங்கவில்லை. ரீச்சருக்கு விளங்கிவிட்டது. “வள்ளமோ?” என்றார்.

“வள்ளந்தான். கரையிலை வெயிலிலை கிடந்து பலகை வெடிக்குது. தண்ணி பட்டால்தான் பலகை ஊறி மூட்டு இறுகும். கடலுக்கு நாங்கள் போகேலாது. கடல் இஞ்சை வரட்டுமன்.”

குருநகரிலிருந்து இணுவிலுக்கு ஒரு வள்ளம் வந்த அந்த ஊர்வலத்தைக் கண்டவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு மாட்டுவண்டிகளை முன்னும் பின்னுமாகக் கட்டி, அவற்றின்மேல் வள்ளத்தை ஏற்றியிருந்தோம். நான் முன்னே சைக்கிளில் சென்றேன். வழியிலிருந்த ஒவ்வொரு வீட்டு வாசற் படலையும் திறந்தது.

“ஐயா, கடல் வத்திப் போச்சோ?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்லை, இணுவிலிலை வெள்ளம் வரப் போகுதாம்,” என்று பின்வண்டியிலிருந்து தோழரின் ஆள் பதில் சொன்னார்.

“தேர்த் திருவிழா இந்த முறை கடலிலையோ?” என்றது இன்னொரு குரல்.

நான் நேரே பார்த்துக்கொண்டு மிதித்தேன். வாக்குக் கொடுத்தவன் வழியில் நின்று பகிடிக்கு விடை சொல்வதில்லை.

கிணற்றடி மேட்டில் மணல் பரப்பி வள்ளத்தை இருத்தி, நீரின் பாரம் பக்கங்களைப் பிளக்காதபடி விளிம்பு வரை மண் அணைத்தோம். முன்புறத்தில் புனித அந்தோனியாரின் பெயர் வெள்ளைப் பூச்சில் எழுதியிருந்தது. மணியகாரர் அதன்கீழ்ச் சந்தனப் பொட்டு வைத்து, தோழரின் முகத்தைப் பார்த்தார்.

“வையுங்கோ, வையுங்கோ. அவருக்கும் இஞ்சை ஆக்களைத் தெரியாது. நீங்கள்தான் அறிமுகப்படுத்த வேணும்,” என்றார் தோழர்.

வள்ளத்தின் அடியில் நீர் வடிக்க ஒரு துளையும், அதை அடைக்க ஒரு மரக்கட்டையும் இருந்தன. துளைக்கு நேரே வாய்க்காலை வெட்டி இணைத்தோம். முதல் நாள் தண்ணீர் பலகை மூட்டுகளால் கசிந்தது. தோழர் அதைக் கண்டு கலங்கவில்லை. “தாகம். குடிச்சு முடியட்டும்,” என்றார். அடுத்த நாள் கசிவு நின்றது. அன்று காற்று ஒரே சீராக இல்லை. வருவதும் ஓய்வதுமாக இருந்தது. சில்லு சற்றுச் சுற்றும், நிற்கும். பழைய முறையானால் ரீச்சரின் நாள் இன்னொரு முறை வீணாகியிருக்கும். இப்போதோ சிறிது சிறிதாக வந்த தண்ணீர் முழுவதும் வள்ளத்துக்குள் நின்றது. எல்லோரும் சுற்றி நின்று அதன் மட்டம் ஏறுவதைப் பார்த்தோம். பிற்பகலில் தண்ணீர் விளிம்பின்கீழ் நாங்கள் இட்ட அடையாளத்தைத் தொட்டது.

“இழுங்கோ ஐயா,” என்றார் ரீச்சர்.

மரக்கட்டையை நானே இழுத்தேன். வள்ளத்துத் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வாய்க்காலில் இறங்கியது. காற்றாடி நேரே இறைத்தபோது தண்ணீர் மெலிந்து வரும், பாதியை மண் குடித்துவிடும். இந்தத் தண்ணீருக்கு மண் குடிக்க நேரமே இல்லை. சருகு, துரும்பு, மைத்துனர் வீட்டு வாத்துகளுள் ஒன்று, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அது ரீச்சரின் வேலியைத் தாண்டி, கடைசிப் பாத்தியின் மூலை வரை சென்று நின்றது. என் சால்வையின் நுனி சேற்றில் தோய்ந்திருந்ததை வீட்டுக்கு வந்தபின்தான் கண்டேன்.

அந்தச் சோளகம் முழுவதும் வள்ளக் கணக்கிலேயே இறைத்தோம். காற்றுக் கூடிய நாளில் வரிசை விரைந்து சுற்றியது. குறைந்த நாளில் மெல்ல நகர்ந்தது. “இண்டைக்கு ஆருடை வள்ளம்?” என்பது எங்கள் குறிச்சியில் காலை வணக்கமாயிற்று. மைத்துனரின் வாழைக்கு மிச்சத் தண்ணீர் கிடைக்காததால் வாத்துகள் மட்டும் எங்களோடு மனக்குறைப்பட்டிருக்கலாம். ரீச்சரின் வெங்காயத் தாள்கள் மறுபடி நிமிர்ந்தன. மூலையோரத்தில் மஞ்சளான சிலவற்றையும் அவர் பிடுங்காமல் விட்டார், அவையும் பிழைத்தன.

செய்தி பரவியது. அச்சுவேலியிலிருந்து ஒரு பகுதியினர் சைக்கிள்களில் வந்து பார்த்தார்கள். அவர்கள் ஊரில் கூடிப் பேசியபோது ஒருவர் வெளிச்சம் கேட்டாராம். ஒருவர் மாவரைக்கும் ஆலை கேட்டாராம். எங்களிடமிருந்து அச்சின் அளவையும் பாயின் அளவையும் குறித்துக்கொள்ள வந்திருந்தார்கள். கொடுத்தேன். அத்துடன் வீட்டுக்குப் போனதும் முதலில் ஒரு வாளி தண்ணீரை வாய்க்காலில் ஊற்றி, எல்லோரும் அதன் பின்னால் நடந்து பாருங்கள் என்றும் சொன்னேன். என்னைச் சற்று வியப்புடன் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் கடைசிவரை வள்ளத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஐயா, எங்களுக்குக் கடற்கரையிலை ஒருத்தரையும் தெரியாது. அதுக்கு என்ன செய்யிறது?”

“பழகுங்கோ,” என்றார் தோழர், பாய் தைத்துக்கொண்டே.

ஆவணியில் ரீச்சர் வெங்காயம் கிண்டி எடுத்தார். அவரது முற்றம் சிவந்து கிடந்தது. காயவைத்துப் பிடி கட்டியபின், கிணற்றின் பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே அளவாக விதை பங்கிட்டார். பெட்டியால் அளந்தே கொடுத்தார். மைத்துனரின் பெட்டியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வெளியே வைத்தார்.

“அக்கா, இதென்ன ஓரவஞ்சகம்?”

“இது உன்ரை வாத்துக்கள் நீந்தின தண்ணிக்கு.”

மைத்துனர் முகம் தொங்கியதைக் கண்டு, அந்தப் பிடியைத் திருப்பிப் போட்டு, மேலும் ஒரு பிடி வைத்தார். கிணற்றில் பங்கில்லாத தோழருக்கும் ஒரு பெட்டி போயிற்று. குருநகர் மணலில் வெங்காயம் விளையாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். “சமைச்சுச் சாப்பிடும்,” என்றார் ரீச்சர். எனக்கு உரிய பெட்டியைத் தந்தபோது, “ஐயா, ஒரு பாத்தியும் வாடேல்லை,” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூற்றைந்தின் ஐப்பசியில் போர் நெருங்கி, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கொண்டு போனவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ரீச்சரின் சைக்கிள் காரியரில், உடுப்புக்கும் பாத்திரத்துக்கும் மேலே, விதை வெங்காயம் கட்டியிருந்தது. மழை விட்டதும், எங்களுக்கு இடம் தந்த வீட்டாரிடம் அவர் சிறு துண்டு நிலம் கேட்டார். அவர்களும் மகிழ்ந்து கொடுத்தார்கள். அந்தக் காணியின் கிணறும் பங்குக் கிணறுதான்.

“தண்ணி எப்பிடி? நாள் முறையோ, வள்ள முறையோ?” என்று ரீச்சர் கேட்டார்.

வீட்டுக்காரர் விழித்தார். “வள்ளமோ? கிணத்துக்கு ஏன் வள்ளம்?”

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் கதிரையை மரநிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, என் பாட்டனாரின் காலத்திலிருந்து தொடங்கினேன்.